இடது சீட்டு

"இவன் இங்கே இருந்தா உங்க லாரியே எனக்கு வேண்டாம், பாய்!"

கனகாம்பாள் போட்ட சத்தத்தில், லாரி கழுவிக்கொண்டிருந்த செல்லையா கையில் தண்ணீர்க் குழாயோடு அப்படியே தலையைக் குனிந்துகொண்டான்.

பீர் முகைதீனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜப்பானிலிருந்து பழைய லாரிகளைக் கப்பலில் வரவழைத்து, யாங்கோன் ஆற்றோரம் போட்டாதாங் பேட்டையில் வைத்து விற்பவர் அவர். இந்தத் தடவை மூன்று வந்தன. கதவில் ஜப்பான் எழுத்துகூட அழியாமல், இரண்டு மாதமாக அப்படியே நிற்கின்றன. 'என்ன விலை?' என்று கேட்டு உள்ளே வந்த முதல் ஆள் இந்தக் கனகாம்பாள்தான்.

"உட்காருங்க, தங்கச்சி. இவன் மேலே என்ன கோபம்?"

"கோபமா? என் தாலியை அறுத்தவன் பாய் இவன்! என் வீட்டுக்காரர் லாரியிலே ஸ்பேரா இருந்தவன்."

பாய் செல்லையாவைப் பார்த்தார். நான்கு மாதத்துக்கு முன்னால் மழையில் நனைந்தபடி வந்து வேலை கேட்டவன். இந்தக் கதையை அவன் சொல்லவில்லை.

ஸ்பேர் என்றால் எடுபிடி என்று நினைத்துவிடக் கூடாது. ஜப்பானில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகும்; அதனால் ஸ்டியரிங் வலப்பக்கம். யாங்கோனில் வண்டிகள் போவதோ சாலையின் வலப்பக்கம். முன்னால் போகும் வண்டியைத் தாண்ட வேண்டுமானால், எதிரே என்ன வருகிறது என்பது டிரைவருக்குத் தெரியாது. இடது சீட்டில் இருக்கும் ஸ்பேர் எட்டிப் பார்த்து, "ரோடு காலி" என்று சொல்ல வேண்டும். டிரைவரின் உயிர் அந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறது.

"மாவ்பி ரோட்டுலே 'காலி'ன்னு சொன்னான், பாய். நம்பி முன் வண்டியைத் தாண்ட ஏறினார். எதிரே மணல் லாரி! வண்டியை ஒடிச்சவர் மரத்துலே போய் மோதிட்டார். மோதினது அவர் பக்கம்." கனகாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதோ, என் பிள்ளை புஷ்பலதா. அன்னைக்கு அதே வண்டியிலே நடுவிலே தூங்கிட்டிருந்தா. இவன் முழிச்சிருந்தும் குருடனா இருந்தான்."

கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசிய அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது இருக்கும். யாரையும் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு வருஷமா இவளும் வாய் திறந்து பேசறதில்லை."

"செல்லையா, நிஜமா?" என்றார் பாய்.

"நிஜந்தான், பாய். 'காலி'ன்னு சொன்னேன். தப்பு என்னுது."

"பார்த்தீங்களா? கல்லுக்குண்டு மாதிரி நின்னு சொல்றான்!"

பாய் பேச்சை வியாபாரத்துக்குத் திருப்பினார். "வண்டியைப் பாருங்க, தங்கச்சி. ஓட்டப்போறது யாரு?"

"என் தம்பி ஓட்டுவான். ஸ்பேருக்குத்தான் ஆள் இல்லை. பசங்கள்லாம் தாய்லாந்து, மலேசியான்னு போயிட்டாங்க. இனி இவதான் ஸ்பேர். ஏறுடி, இடது சீட்டு எட்டுதான்னு பாரு."

பெண் கதவில் கை வைத்தாள். சூடு பட்டதுபோல எடுத்துவிட்டாள்.

"ஏறுடி!"

"அந்தச் சீட்டு ஈரம், அக்கா," என்றான் செல்லையா அவசரமாக. "இப்பத்தான் கழுவினேன். பாப்பா ஏற வேண்டாம்."

பாய்க்குச் சுருக்கென்றது. சற்று முன்தான் அந்தச் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்திருந்தார். ஜப்பானில் டிரைவர் தனியாகத்தான் ஓட்டுவான்போலும். வலது சீட்டு தேய்ந்து கிழிந்திருந்தது, இடது சீட்டு கடையில் வாங்கியதுபோல இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

வந்த வியாபாரத்தைக் கெடுக்கப் பார்க்கிறான்! செய்த பாவம் போதாதென்று இந்தப் பொய் வேறு.

"குழாயைக் கீழே போடு, செல்லையா. நாளையிலிருந்து வர வேண்டாம்."

செல்லையா குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினான்.

கனகாம்பாளின் முகம் தெளிந்தது. "நாளன்னைக்கு என் தம்பியோட வரேன், பாய். இந்த வண்டியை வேறே யாருக்கும் காட்டாதீங்க."

மகளை இழுத்துக்கொண்டு போனாள். வாசலைத் தாண்டும்போது அந்தப் பெண் ஒரே ஒருமுறை செல்லையாவைத் திரும்பிப் பார்த்தாள். உதடு துடித்தது. செல்லையா, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை அசைத்தான்.

பாய் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னடா நடக்குது இங்கே?"

"ஒண்ணுமில்லை, பாய். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். இந்த லாரியை அக்காவுக்குக் கொடுக்கும்போது, ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாத்திக் கொடுத்துடுங்க."

"பைத்தியமா உனக்கு? அது எவ்வளவு பெரிய வேலை! சீட்டு ஈரம்னு பொய் சொன்னே. இப்போ இது. உனக்கு என்னதான் வேணும்?"

செல்லையா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். ஆற்றுப் பக்கம் ஒரு படகு ஊதிவிட்டுப் போயிற்று.

"அன்னைக்கு எனக்கு நல்ல காய்ச்சல், பாய். டிரைவர் அண்ணன்தான் 'போய்ப் படுடா'ன்னார். நான் பின்னாடி மூட்டை மேலே படுத்திருந்தேன்."

"அப்போ இடது சீட்டுலே...?"

செல்லையா வாசலைப் பார்த்தான். தெருமுனையில் தாயும் மகளும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டியரிங்கை மாத்திடுங்க, பாய். 'ரோடு காலியா'ன்னு அந்தப் பிள்ளைகிட்ட இன்னொரு தடவை யாரும் கேட்கக் கூடாது."