இரண்டு கை நிறைய

செஞ்சி கடலை மண்டியில் பிள்ளைத்தாய்ச்சிகளை வைத்துக்கொள்வதில்லை. யுத்த விலைவாசியில் வேலையை விட முடியாமல், தனகோட்டி வயிற்றைப் புடவைக்குள் மறைத்திருந்தாள். விஷயம் தெரிந்தவள், கூட வேலை செய்யும் ரத்தினம்மாள் மட்டுமே. தனகோட்டியின் கூடையையும் அவளே தூக்குவாள். மோர் கொடுப்பாள்.

"இன்னாத்துக்குப் பயம்? தெம்பா வேலையப் பாரு. நான் இருக்கேன்."

இன்று கண்ணாடி வளையல்களோடு வந்தாள்.

"ஏழாம் மாசம் பொறந்துட்டுது. கொழந்த வளையல் சத்தம் கேக்கணும்டி."

"மேஸ்திரி பாத்துட்டா?"

"ஆம்பளைக்கு இன்னா தெரியும்?"

இரண்டு கையிலும் நிறையப் போட்டுவிட்டாள். தாயில்லாத தனகோட்டிக்குக் கண் கலங்கியது.

முறத்தை எடுத்துப் புடைத்தாள். வளையல்கள் கலகலத்தன. மேஸ்திரி திரும்பி அவள் கையைப் பார்த்தார், பிறகு வயிற்றை.

"எழுந்து வீட்டுக்குப் போ."

வாசலில் ரத்தினம்மாளின் மருமகள் புது முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப வந்த?"

"காலையிலயே அத்த இட்டாந்து உக்கார வெச்சாங்கக்கா."