மன்னிப்புக் கேட்கும் குரல்

விற்பனை படுத்துவிட்ட கார் கம்பெனி, மக்களின் நம்பிக்கையை மீட்க, தன் ஆலையில் மோட்டார் பொருத்தும் தணிகாசலத்தின் குரலை எல்லா வண்டிகளிலும் வைத்தது. வண்டி வழியில் நின்றால் அவன் குரலே மன்னிப்புக் கேட்கும்.

விற்பனை ஏறியது. ஆனால் டீக்கடையில் அவன் வாய் திறந்ததும் ஒருவர் திரும்பினார்.

“நீதானாய்யா அது? எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறப்ப வண்டி நின்னுடுச்சு. நீ பாட்டுக்கு மன்னிச்சிடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்த.”

தணிகாசலம் நேராக மேலாளரிடம் போனான். “சார், வழியில நின்னுபோற அந்த மோட்டார மாத்துங்க. எத்தனை தடவ சொல்றது?”

“அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்பா. குரல நாளைக்கே மாத்திடலாம்.”

மறுநாள், கூட வேலை செய்யும் பூங்கோதையைக் குரல் பதிவுக்கு அழைத்தார்கள். போகாதே என்று தணிகாசலம் வழிமறித்தான்.

“உங்களுக்குப் பொறாமைண்ணா,” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.