கேட்டுக்கு வெளியே அண்ணன்

"வாசல்ல நின்னு கத்துறது யாருன்னு கொஞ்சம் எட்டிப் பாருங்க மேடம்" என்றார் தியேட்டர் மேனேஜர்.

மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், படத்தை இயக்கியவள். கேட்டுக்கு வெளியே இருபது பேர், கையில் கறுப்புக் கொடி. கழுத்து நரம்பு புடைக்கக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது அவளுடைய சொந்த அண்ணன்.

"பொய்ப் படம்! பார்க்காதே!"

அவளுக்குக் காது மடல் சுட்டது. முதல் படம். முதல் நாள். முதல் காட்சி.

படத்தில் ஒரு தலைவர் வருவார். தண்ணீரே வராத ஒரு குழாயை ஏழு தடவை திறந்து வைப்பார். ஏழு தடவையும் மாலை விழும். பெயரை மாற்றித்தான் வைத்திருந்தாள். ஆனாலும் அது யாரென்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அண்ணன் இருபது வருஷமாகக் கொடி பிடிப்பது அந்தத் தலைவருக்குத்தான்.

"தணிக்கையில பாஸ் ஆயாச்சு, கோர்ட்லயும் கேஸ் தள்ளுபடி. எல்லாம் சரிதான் மேடம்" என்று மேனேஜர் இழுத்தார். "ஆனா முந்தாநாள் சிறப்புக் காட்சி போட்ட தியேட்டர்ல கல்லை வீசி, திரையையும் கிழிச்சிட்டாங்க. அந்தக் குழாய் சீனை மட்டும் தூக்கிடுங்களேன். நாலே நிமிஷம்தானே?"

"அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் சார் மீதி ரெண்டு மணி நேரத்தையும் எடுத்தேன்."

விறுவிறுவென்று படி இறங்கி கேட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, உனக்கே இது நல்லா இருக்கா?"

"இல்லை பாப்பா. உன் படம் நல்லாவே இல்லை."

"பார்த்தியா முதல்ல?"

"சிறப்புக் காட்சியிலேயே பார்த்துட்டேன். அவர் கட்டின ஆஸ்பத்திரியிலதான் நம்ம அம்மா பிழைச்சு வந்தாங்க. அதை ஒரு இடத்துல காட்டினியா? குழாயை மட்டும் ஏழு தடவை காட்டுற."

"தண்ணி வரலைன்னா குழாயைத்தான் காட்டுவேன்."

"காட்டு. நானும் கத்துவேன்."

"என் படத்தை ஓட விடாம பண்ணத்தானே?"

அண்ணன் திரும்பி நின்று கையை உயர்த்தினார். "பொய்ப் படம்!"

மூன்று நாள் ஒரு காட்சி விடாமல் இதே கூத்து. குழந்தையோடு வந்தவர்கள் கொடியைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போனார்கள். அரங்கம் பாதிகூட நிறையவில்லை.

அண்ணிதான் போன் செய்தாள். "உங்க அண்ணனுக்குத் தொண்டை கட்டிப் போச்சு. உப்புத் தண்ணியில கொப்பளிச்சுட்டுத் திரும்பவும் கிளம்பிட்டார். நான் நேத்து மேட்னி பார்த்தேன்டி. குழாய் சீன்ல சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுது."

"அவர் உங்களை உள்ள விட்டாரா?"

"விடாம? கொடியைத் தூக்கிப் பிடிச்சு வழி விட்டார். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்காம் நாள் காலையில் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"தங்கச்சியா வரலை மேடம். படம் எடுத்தவளா வந்திருக்கேன்" என்று இன்ஸ்பெக்டர் அம்மாவின் மேஜையில் மனுவை வைத்தாள். "தியேட்டர் முன்னால நிக்க எங்க அண்ணனுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து பண்ணுங்க."

இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்தார். "கேட்டை மறிச்சாரா?"

"இல்லை."

"கல் எறிஞ்சாரா?"

"இல்லை. கத்துறார்."

"உங்க படத்தை ஓட விடணும். அவர் மட்டும் கத்தக் கூடாது. அப்படித்தானே?"

அவள் விடவில்லை. "கூட்டம் வர மாட்டேங்குது மேடம். இது என் மூணு வருஷ உழைப்பு. என்னோட உரிமைக்கு எங்கே வேணும்னாலும் போவேன்."

"போகலாம், தப்பே இல்லை. நானும் ரத்து பண்ணித் தர்றேன்." இன்ஸ்பெக்டர் ஒரு பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "ஆனா அடுத்து யார் பேர் இருக்குன்னு பார்த்துக்குங்க."

அண்ணன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர்.

"உங்க அண்ணன் கட்சியிலேயே வேற கோஷ்டி. முந்தின தியேட்டர்ல திரையைக் கிழிச்சவங்கன்னு எல்லாருக்கும் தெரியும். சாட்சி சொல்லத்தான் ஒருத்தரும் வரலை. ஒரு இடத்துல ஒரு கூட்டத்துக்குத்தான் அனுமதி, முதல்ல கேட்டவங்களுக்கு. அனுமதி இல்லாம வந்தா தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிடுவேன். அனுமதியோட வந்து நின்னா, கல் விழுந்த பிறகுதான் நான் எதுவும் பண்ண முடியும்."

அவள் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணனின் பெயருக்கு எதிரே வரிசையாகத் தேதிகள். இருபத்தொரு நாள். ஒரு நாளைக்கு மூன்று காட்சி.

"திரை கிழிஞ்ச சேதி வந்த மறுநாள், நாங்க மனு வாங்க ஆரம்பிக்கும் முன்னாடியே உங்க அண்ணன் வாசல்ல நின்னார். அவங்க வந்தது அதுக்கு அரை மணி கழிச்சுத்தான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் மெல்லக் கையை நீட்டித் தன் மனுவை எடுத்து மடித்தாள்.

"நான்கூடக் கேட்டேன். 'அறுபத்து மூணு காட்சிக்கும் வெயில்ல நின்னு கத்தணுமா? படம் அவ்வளவு மோசமா சார்?'"

"என்ன சொன்னார்?"

"'ரொம்ப மோசம் மேடம். ஆனா அறுபத்து மூணும் ஓடணும்.'"