குரல் பதிவு

“உங்க வீட்டுக்காரரோட பழைய உதவித்தொகை இந்த மாசத்தோட நின்னுடும்மா. புதுத் திட்டத்துக்கு மாறச் சம்மதமான்னு அவர்தான் சொல்லணும்” என்றாள் உதவி மையத்துப் பெண், போனில்.

“நானே சொல்லிடறேனே. எல்லாத்துக்கும் நான்தானே பதில் சொல்றேன்!”

“அதான் எல்லா வீட்லயும் நடக்குது. இதுல அவர் குரல்தான் பதிவாகணும்.”

“இல்லம்மா, அவருக்கு...”

“நடுவுல பேசாதீங்க. போனை அவர் காதுல வைங்க... ஐயா, புதுத் திட்டத்துக்கு மாற உங்களுக்குச் சம்மதமா?”

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஐயா, உங்களைத்தான் கேக்கறேன். அவங்களை இல்ல.”

“ச... சம்... மதம்.”

“அவ்வளவுதான்! இதுக்குப் போய்...” என்று பதிவை முடிக்கப் போனவளின் காதில் விசும்பல் கேட்டது. “ஏம்மா அழறீங்க? பணம் நிக்காது. மாத்தியாச்சு.”

“பணத்தை விடும்மா. பக்கவாதத்துல பேச்சு போனதும் டாக்டருங்களே கைவிரிச்சுட்டாங்க. நாங்களும் அவரை எதுவும் கேக்கறதை விட்டுட்டோம். இத்தனை வருஷத்துல இதுதான் அவர் பேசின முதல் வார்த்தை.”

உதவி மையத்துப் பெண் பதிவை முடிக்காமல் விட்டாள்.

“உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று அந்த அம்மாள் கெஞ்சினாள். “அவர்கிட்ட இன்னும் ஏதாவது கேளும்மா!”