வெட்டப்பட்ட சித்தி

எங்கள் வீட்டுத் திரை, எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, அவர்களுக்கு ஆகாத காட்சிகளை வெட்டிவிட்டுத்தான் எந்தப் படத்தையும் போடும்.

நான் இரண்டாந்தாரமாக இந்த வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகிறது. என்னைச் சித்தி என்று கூப்பிடும் எட்டு வயது இதழினி, தினமும் என்னோடு ஒரு கார்ட்டூன் பார்ப்பாள். அதில் தாயில்லாத இளவரசி ஒருத்தி காரணமே இல்லாமல் பாத்திரம் தேய்த்தாள், காரணமே இல்லாமல் பட்டினி கிடந்தாள். குழந்தைக்கு ஆகாதென்று எதையோ வெட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

இன்று அவள் பள்ளிக்குப் போனதும் திரையிடமே கேட்டேன்.

"கொடுமைக்காரச் சித்தி வரும் காட்சிகளை உங்களுக்காக நீக்கியிருக்கிறோம். நீக்கச் சொன்னவர் இதழினி."

சாயங்காலம் அவளிடம், "அந்தச் சித்தியும் வரட்டும் கண்ணு" என்றேன்.

அவள் முகம் சுண்டிவிட்டது. "வேணாம் சித்தி. அவ ரொம்ப மோசம். உங்களைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சுக்குவீங்க."

"நினைக்க மாட்டேன். வரட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து திட்டுவோம்."

அரைமனதோடு சம்மதித்தாள். முதல் காட்சியிலேயே கரண்டியை ஓங்கிக்கொண்டு அந்தச் சித்தி வந்தாள்.

"ஐயோ, சித்தி வர்றா சித்தி!" என்று கத்திக்கொண்டே இதழினி என் மடியில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.