ஒன்றரை ஏக்கர் மருந்து

"மனித குலத்தின் வலி இந்த ஒன்றரை ஏக்கரில் முடிவுக்கு வரும்!" மருத்துவக் கஞ்சாத் தோட்டத்தின் தொடக்க விழாவில் டாக்டர் ஞானப்பிரகாசம் முழங்கினார். விதிப்படி பன்னிரண்டடித் தகர வேலி, எட்டு கேமரா, ஒரே வாசல் எல்லாம் தயார். உழவு மட்டும்தான் பாக்கி. டிராக்டர் மூன்றடி அகல வாசலுக்கு வெளியே நின்றது.

"இதுக்குள்ள எப்படி சார் போறது?" என்றார் டிரைவர் ஒச்சப்பன்.

"மம்பட்டியால கொத்திடுங்களேன்" என்றார் டாக்டர்.

"ஒன்றரை ஏக்கரையுமா? நீங்க முதல்ல ஒரு பாத்தி கொத்துங்க, பாப்போம்."

நிலம் கொடுத்த சடையாண்டி வானத்தைப் பார்த்தார். "எம்மக வலிப்புக்கு மருந்து வரும்னுதானே சார் குடுத்தேன்? மழைக்கு முந்தி வெதைக்கலைன்னா இந்த வருசமும் போச்சு."

வேலியில் கைவைக்க மறுபடியும் அனுமதி வாங்க வேண்டும். போன அனுமதிக்கு ஏழு மாதம் ஆனது.

வாசலுக்கு அளவு கொடுத்தவர் டாக்டர்தான். தன் கிளினிக் கதவை அளந்து கொடுத்திருந்தார்.