நடுப் பட்டன்

"முதல் ரெண்டும் வச்சுத் தரேன். மூணாவதை மட்டும் கேக்காதே" என்றார் அப்பா.

மகள் கேட்டது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. கட்டடக்கலை கடைசி வருஷம் படிக்கிறாள். அட்டையை வெட்டி, ஒட்டி, குட்டிக் குட்டி மாடல் வீடுகள் செய்ய வேண்டும். எந்நேரமும் பத்து விரலிலும் பசை. அந்தக் கையோடு போனைத் தொட்டால் திரை நாசமாகிவிடும்.

அதனால் ஹெட்செட் வயரில் இருக்கிற நடுப் பட்டனிலேயே எல்லாவற்றையும் வைத்துத் தரச் சொன்னாள். ஒரு தட்டுத் தட்டினால் பாட்டு நிற்க வேண்டும். ரெண்டு தட்டினால் அடுத்த பாட்டு. அழுத்திப் பிடித்தால் சத்தம் ஒரேயடியாக முழுசுக்கும் ஏற வேண்டும்.

அந்தக் கடைசி வேலைதான் அப்பாவுக்கு ஆகவில்லை.

அவர் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. கையில் இரைச்சலை அளக்கிற கருவியோடுதான் சுற்றுவார். இயர்ப்ளக் இல்லாமல் மெஷின் பக்கம் வந்தால் மேனேஜரையே திருப்பி அனுப்பிவிடுவார்.

போன் விஷயத்திலும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆபீசில் பாதிப் பேரின் ஹெட்செட்டுக்கு அவர்தான் பட்டன் வைத்துக் கொடுத்தவர். அதற்கென்று ஒரு ஆப் இருக்கிறது. எந்தப் பட்டனை எப்படி அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று அதில் மாற்றி வைத்துவிட்டால் தீர்ந்தது. மற்றவர்கள் மணிக்கணக்கில் முட்டி மோதுவதை அவர் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்.

"முழுச் சத்தம் எதுக்கும்மா உனக்கு?"

"அவசரத்துக்குத்தான்ப்பா. கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டு இருந்தா அதுக்குள்ள..." அவள் முடிக்கவில்லை.

பாட்டுக் கேட்பதில் அப்படியென்ன அவசரம் என்று அப்பா சிரித்தார். அப்புறம் ஒரு வகுப்பே எடுத்தார். காது நரம்பு ஒரு தடவை போனால் போனதுதான், எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியாது. தகடு அடிக்கிற பிரஸ் செக்‌ஷனில் ஒருத்தர் இருக்கிறார், பேரப்பிள்ளை கூப்பிடுவதுகூட அவருக்குக் கேட்பதில்லை. சத்தம் என்பது விஷம் மாதிரி, உள்ளே போகும்போது தெரியாது.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, பிள்ளை ஆசையாகக் கேட்கிறாள், வைத்துக் கொடுத்தால்தான் என்ன என்றாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ சும்மா இரு."

அம்மா சும்மா இருந்தாள். மகளும் வாதாடவில்லை. அவள் எப்போதுமே வாதாட மாட்டாள். அதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. எங்கள் வீட்டுப் பெண் இருக்கிற இடமே தெரியாது, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் அவள் உண்டு, அவள் வேலை உண்டு என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

போனை வாங்கி, கேட்ட முதல் ரெண்டையும் அப்படியே வைத்தார். மூன்றாவதைத் தலைகீழாக வைத்தார். அழுத்திப் பிடித்தால் சத்தம் ஏறாது. ஒரேயடியாக அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

இதை மகளிடம் சொல்லவில்லை. அழுத்தும்போது தானே தெரிந்துகொள்ளட்டும், அப்போதுதான் உறைக்கும் என்று நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

"எல்லாம் வச்சாச்சு. போய் வேலையைப் பாரு."

சாயங்காலம் நல்ல மழை. பால்கனிக் கதவு திறந்து கிடந்ததில் சோபா தெப்பமாக நனைந்துவிட்டது.

கதவைக் கடைசியாகத் திறந்தது யார் என்பதில் ஆரம்பித்தது. அங்கிருந்து அந்த சோபாவைத் தேர்ந்தெடுத்த அம்மாவின் தம்பிக்குப் போனது. தம்பியிடமிருந்து அம்மாவின் லேப் வேலைக்கு வந்தது. வீட்டைக் கவனிக்க நேரமில்லாதவளுக்கு ரத்தத்தைப் பரிசோதிக்க மட்டும் நேரமிருக்கிறதா என்று அப்பா கேட்டார்.

அவருடையது மெஷினைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். இதைச் சண்டை என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்பார்.

அம்மா மகளின் அறைக் கதவைக் கண்ணால் காட்டினாள்.

"அவ காதுல ஹெட்செட் மாட்டியிருக்கா. இடியே விழுந்தாலும் கேக்காது" என்றார் அப்பா, குரலைக் கொஞ்சமும் இறக்காமல்.

வழக்கமாக அம்மா இந்த இடத்தில் அடங்கிவிடுவாள். அன்றைக்கு என்னவோ அடங்கவில்லை.

"அவ படிப்பு முடியட்டும்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். முடிஞ்ச மறுநாள் நான் கிளம்பிடுவேன்."

"உன்னை யாரு இங்க கட்டிப் போட்டிருக்கா? இப்பவே கிளம்பு."

அறைக் கதவு திறந்தது. மகள் வந்து நின்றாள். பசை காயாத விரல்களில் ஹெட்செட் வயர் தொங்கியது.

இருவரும் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார்கள். அம்மா குனிந்து சோபா உறையைப் பிழிந்தாள். அப்பா, மாடல் முடிந்துவிட்டதா, பசி வந்துவிட்டதா என்று ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்க வச்ச நடுப் பட்டன் நல்லா வேலை செய்யுதுப்பா."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பின்னே? நான் வச்சா சோடை போகுமா?"

"நீங்க பேச ஆரம்பிச்சதும் எப்பவும்போல சத்தத்தைக் கூட்டிக்கலாம்னு அழுத்துனேன். பாட்டு அப்படியே அடங்கிப்போச்சு." அவள் குரலில் கோபமே இல்லை. "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்ப்பா நீங்க ரெண்டு பேரும் பேசுறதை முழுசாக் கேட்டேன்."